நடந்ததா, நடக்கவில்லையா: இரு தரப்பும் மாறுபட்டுச் சொல்லும் ஒரு கைகலப்பைப் பற்றி எழுதும் முறை

புகழ்பெற்ற ஒருவரை மதுக்கூடத்தில் அடித்து வீழ்த்தியதாகப் படைவீரர் ஒருவர் சொல்கிறார்; அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை என்று அந்தப் பிரபலம் சொல்கிறார். இதைப் பற்றித் தமிழில் எழுத உட்காருபவர் பெரும்பாலும் தலைப்பிலேயே தவறிவிடுகிறார். "முன்னாள் ஆளுநரை ஒரே அடியில் சாய்த்த வீரர்" என்று ஒருவர் எழுதுகிறார். "பொய் எழுதிய வீரருக்கு 18 லட்சம் டாலர் அபராதம்" என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டு தலைப்புகளும் பிழையானவை, அவற்றில் இரண்டாவது மூன்று இடங்களில் பிழையானது. அந்தப் பிழைகள் எங்கே இருக்கின்றன, அவற்றைத் தவிர்த்து ஒரு கட்டுரையை எப்படி எழுதுவது என்பதை, நான் நன்கு அறிந்த ஒரு வழக்கைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும் முன்னாள் மல்யுத்த வீரருமான ஜெஸ்ஸி வென்ச்சுராவுக்கும், அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்பு அதிரடிப் பிரிவில் குறிபார்த்துச் சுடும் வீரராக இருந்த கிறிஸ் கைலுக்கும் இடையிலான வழக்கு அது.

முதலில் காலவரிசை

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எது எப்போது சொல்லப்பட்டது என்பது தெளிவானால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

2006 செப்டம்பர் 29 அன்று ஈராக்கின் ரமாதி நகரில் மைக்கேல் மான்சூர் என்ற சீல் வீரர், தோழர்களைக் காப்பதற்காக எறிகுண்டின் மேல் விழுந்து உயிர் துறந்தார். அவருக்கு 2008இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. அவரை நல்லடக்கம் செய்த பின்னர், 2006 அக்டோபர் 12 அன்று, கலிபோர்னியாவின் கொரோனாடோ நகரில் சீல் வீரர்கள் வழக்கமாகக் கூடும் மெக்பீஸ் என்ற ஐரிஷ் மதுக்கூடத்தில் அவருடைய தோழர்கள் நினைவுகூர்தலுக்காகக் கூடினார்கள். அதே நாட்களில், 1970களின் தொடக்கத்தில் சீல் பிரிவின் முன்னோடியான, கடற்படையின் நீரடித் தகர்ப்புப் பிரிவில் பணியாற்றியிருந்த வென்ச்சுராவும் பழைய தோழர்களோடு அந்த ஊருக்கு வந்திருந்தார். அன்றிரவு அவர் அந்த மதுக்கூடத்தில் இருந்தார் என்பதை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை.

அதற்குப் பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சு எழவில்லை. 2012 ஜனவரி தொடக்கத்தில் கைலின் தன்வரலாறான 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' வெளிவந்தது. அதில் ஒரு சிறு பகுதி, பெயர் சொல்லாமல் ஒரு பட்டப்பெயரால் குறிப்பிடப்பட்ட ஒரு பிரபலத்தைக் கைல் அடித்து வீழ்த்தியதாகச் சொன்னது. நூல் வெளிவந்த அதே வாரத்தில் ஒரு வானொலி நிகழ்ச்சியிலும், அடுத்து ஃபாக்ஸ் தொலைக்காட்சியிலும், அந்தப் பிரபலம் வென்ச்சுராதான் என்று கைல் பெயரைச் சொன்னார். அந்த மாதத்திலேயே வென்ச்சுரா அவதூறு வழக்குத் தொடுத்தார். 2013 பிப்ரவரி 2 அன்று, டெக்சாஸில் ஒரு துப்பாக்கிப் பயிற்சித் திடலில், தாம் உதவ முயன்ற முன்னாள் மரைன் வீரர் ஒருவராலேயே கைல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி டாயா கைல் சொத்தின் நிர்வாகி என்ற முறையில் அவர் இடத்தில் பிரதிவாதியானார். 2014 ஜூலையில் செயின்ட் பால் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை நடந்து, அந்த மாதம் 29ஆம் தேதி, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு (ஜூரி) வென்ச்சுராவுக்குச் சார்பாக முடிவு சொன்னது. 2016 ஜூன் 13 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2017 டிசம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன; அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

இந்த வரிசையை எழுதிய பின், எந்தக் கட்டத்தோடு உங்கள் கட்டுரை நின்றுவிடுகிறது என்று பாருங்கள். 2014 ஜூலையோடு நின்றுவிட்ட எத்தனையோ கட்டுரைகள் இன்றும் பகிரப்படுகின்றன. அவற்றை எழுதியவர்கள் அன்று பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்து நடந்ததைச் சேர்க்காமல் இன்று அதையே திரும்ப எழுதுபவர், ரத்தான தீர்ப்பை நிலைத்த தீர்ப்பாகக் காட்டுகிறார்.

ஒரு கதையைப் பல கூற்றுகளாகப் பிரியுங்கள்

"சண்டை நடந்ததா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால், அதற்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்லத்தான் மனம் ஓடும். கைல் எழுதியதை நிதானமாக வாசித்தால் அதில் குறைந்தது நான்கு தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன. வென்ச்சுரா போரையும் அன்றைய அரசையும் தாக்கிப் பேசினார் என்பது ஒன்று. சீல் வீரர்கள் தம்முள் சிலரை இழக்க வேண்டியவர்கள்தான் என்ற பொருளில், துக்கம் அனுசரிக்க வந்தவர்களின் காதுபட ஒரு சொல்லைச் சொன்னார் என்பது இன்னொன்று. கைல் அவரை அடித்தார், அவர் தரையில் விழுந்தார் என்பது மூன்றாவது. அடுத்த நாள் பயிற்சி நிறைவு விழாவுக்கு அவர் கண் வீங்கிய நிலையில் வந்தார் என்ற பேச்சு இருந்தது என்பது நான்காவது.

இவை ஒவ்வொன்றுக்கும் வேண்டிய சான்று வேறு, ஒவ்வொன்றும் ஏற்படுத்தும் காயமும் வேறு. ஈராக் போரை வென்ச்சுரா எதிர்த்தார் என்பது அவரே பொதுவெளியில் பலமுறை சொன்னது. அதைச் சொன்னதால் அவருக்கு அவதூறு ஏதும் இல்லை. ஒருவரிடம் அடி வாங்கினார் என்பதும், அதுவும் மல்யுத்த மேடையில் வாழ்ந்த ஒருவருக்கு, கௌரவக் குறைவாக இருக்கலாமே ஒழிய வாழ்நாள் பழியாக இருக்காது. இரண்டாவது கூற்றுதான் உண்மையில் கொல்லும் சொல். இறந்த தோழனுக்காகக் கூடியவர்களிடம், தாமும் அதே படையிலிருந்து வந்த ஒருவர், நீங்கள் உங்களுள் சிலரை இழக்க வேண்டியவர்கள்தான் என்று சொன்னார் என்பது, அவர் எந்தச் சமூகத்தைத் தம் குடும்பமாக நினைத்தாரோ அந்தச் சமூகத்தின் கதவை அவருக்கு மூடிவிடும். தம்முடைய இழப்பாக வென்ச்சுரா நீதிமன்றத்தில் சொன்னவற்றில், தொழில் வருமானத்தோடு கூட, இந்தக் கதவடைப்பும் இருந்தது. ஆகவே உங்கள் கட்டுரையின் கவனம் குத்து விழுந்ததா என்பதில் மட்டுமே நின்றுவிட்டால், வழக்கின் மையத்தை நீங்கள் தொடவே இல்லை என்று பொருள்.

நான்காவது கூற்று பற்றி ஒரு சிறு குறிப்பு: "என்று பேச்சு இருந்தது" என்று எழுதியதால் மட்டும் ஒரு செய்தி பொறுப்பிலிருந்து தப்பிவிடுவதில்லை. வதந்தியைத் திரும்பச் சொல்பவரும் அதைச் சொல்பவரே. அந்தக் கூற்றுக்கு எதிராகத்தான் வென்ச்சுராவின் தரப்பு மிகத் தெளிவான பொருட்சான்றைக் காட்டியது. அடுத்த நாள் எடுக்கப்பட்ட படங்களில் அவருடைய முகத்தில் காயம் தெரியவில்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். ஆனால் அந்தப் படங்கள் மூன்றாவது கூற்றை எவ்வளவு தூரம் பலவீனப்படுத்துகின்றன, இரண்டாவது கூற்றைத் தொடுகின்றனவா என்பவற்றைத் தனித்தனியாகவே யோசிக்க வேண்டும். முகத்தில் காயமில்லை என்பது, வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை என்பதற்குச் சான்றாகாது.

சாட்சிகளை எண்ணாதீர்கள், எடை போடுங்கள்

கைலின் தரப்பில் அன்றிரவு மதுக்கூடத்தில் இருந்த பலர் சாட்சி சொன்னார்கள். அவர்களுள் பலர் கண்டதாகவோ கேட்டதாகவோ சொன்னது முழுச் சம்பவத்தின் துணுக்குகளை. ஒருவர் பேச்சைக் கேட்டார். ஒருவர் சலசலப்பைக் கண்டார். ஒருவர் வென்ச்சுரா எழுந்துகொண்டிருந்ததைக் கண்டார். வென்ச்சுராவின் தரப்பில், அன்றிரவு அவரோடு இருந்த நண்பர்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொன்னார்கள். கைலின் வாக்குமூலம் அவர் உயிரோடு இருந்தபோதே ஒளிப்பதிவு செய்யப்பட்டிருந்ததால், நடுவர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள்.

இத்தகைய இடத்தில் "அத்தனை பேர் சொன்னது பொய்யாகுமா" என்று கேட்பது எளிது. நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது வேறு ஒரு கேள்வி. இந்தச் சாட்சி தாம் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா, பின்னாளில் எல்லோரும் பேசக் கேட்டுத் தம் நினைவாக்கிக்கொண்டதைச் சொல்கிறாரா? 2006இல் நடந்ததாகச் சொல்லப்படுவதை 2014இல் கூண்டில் ஏறிச் சொல்கிறார்கள். நடுவில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் பெரும் விற்பனை கண்ட ஒரு நூல் இருக்கிறது. கொல்லப்பட்ட ஒரு தோழனும் இருக்கிறான். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் இடமோ இரவு நேரத்தில் நெரிசலும் மதுவும் துக்கமும் சேர்ந்த ஒரு கூடம். இப்படிப்பட்ட சூழலில் ஒருவர் மனமறிந்து பொய் சொல்லாமலேயே தவறாக நினைவுகூர முடியும். இது இரு தரப்புக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்: "நான் எதையும் பார்க்கவில்லை" என்று சொல்லும் நண்பர் அந்த நிமிடத்தில் வேறு பக்கம் திரும்பியிருக்கவும் கூடும்.

சாட்சிக்கும் வழக்காடுபவருக்கும் உள்ள உறவையும் எழுதுங்கள். கைலுக்காகச் சொன்னவர்களில் பலர் அவருடைய படைத் தோழர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும். வென்ச்சுராவுக்காகச் சொன்னவர்கள் அவருடைய நெடுநாள் நண்பர்கள். உறவு இருப்பதால் சாட்சியம் செல்லாது என்று பொருளில்லை. வாசகர் அதை அறிந்து எடை போட வேண்டும் என்பதுதான்.

ஒருவருடைய பிற நடத்தையைக் கொண்டு இந்தச் சம்பவத்தை முடிவுசெய்யும் ஆசையும் எழும். கைல் தம் நூலில் 2 வெள்ளி நட்சத்திரப் பதக்கங்களும் 5 வெண்கல நட்சத்திரப் பதக்கங்களும் பெற்றதாக எழுதியிருந்தார்; 2016இல் கடற்படை தன் பதிவுகளைச் சரிபார்த்து, அவருக்கு உரியவை 1 வெள்ளி, 4 வெண்கலம் என்று திருத்தியது. இதை எடுத்துக்கொண்டு "பதக்கத்தில் கூட்டிச் சொன்னவர் சண்டையிலும் கூட்டித்தான் சொல்லியிருப்பார்" என்று எழுதியவர்கள் உண்டு. மறுபக்கம், அரசு ரகசியமாகச் சதி செய்கிறது என்ற கருத்துகளைத் தொலைக்காட்சியில் பேசிவந்த வென்ச்சுராவை நம்ப முடியாது என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டு வாதங்களையும் நான் ஏற்கவில்லை. பதக்கக் கணக்கு படைத்துறைப் பதிவுகளிலேயே குழம்பியிருந்த ஒன்று. அதிலிருந்து ஒரு மதுக்கூடத்து இரவுக்குத் தாவுவது மிக நீண்ட தாவல். வாசகருக்குப் பயன்படும் என்று கருதினால் இச்செய்திகளைத் தனிப் பத்தியில் சொல்லலாம். ஆனால் சம்பவத்தை விவரிக்கும் பத்திக்குள் அவற்றை நுழைக்கக் கூடாது.

சீருடையின் மேல் நமக்குள்ள மதிப்பும் அரசியல்வாதியின் மேல் நமக்குள்ள ஐயமும் இந்த எடைபோடலில் தாமாகவே வந்து தட்டில் அமர்ந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: இருவரின் பெயர்களையும் இடம் மாற்றி உங்கள் வரைவை ஒருமுறை வாசியுங்கள். அடித்ததாகச் சொன்னவர் அரசியல்வாதி, மறுத்தவர் போர்வீரர் என்றிருந்தால் அதே வாக்கியத்தை நீங்கள் எழுதியிருப்பீர்களா? வாய் தயங்கும் இடத்தில் சாய்வு இருக்கிறது.

தீர்ப்பு என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரே வழக்கில் மூன்று வகையான முடிவுகள் கலந்திருக்கின்றன.

அமெரிக்கச் சட்டத்தில், 1964இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கும் சல்லிவன் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, பொதுவாழ்வில் இருப்பவர் அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால் செய்தி பொய் என்று காட்டுவது மட்டும் போதாது. அது பொய் என்று தெரிந்தே, அல்லது பொய்யாக இருக்கலாம் என்ற கடும் ஐயத்தைப் புறக்கணித்து, எதிர்த்தரப்பு அதை வெளியிட்டது என்பதையும் தெளிவான, உறுதியான சான்றால் நிறுவ வேண்டும். இது மிக உயர்ந்த தடை. பிரபலங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். ஆனால் கைலின் வழக்கில் ஒரு தனித்தன்மை இருந்தது. அவர் யாரோ சொன்னதை எழுதவில்லை. தாமே செய்ததாக எழுதினார். தாம் ஒருவரை அடித்தோமா இல்லையா என்பதில் ஒருவர் ஏமாந்துபோக வாய்ப்பு குறைவு. ஆகவே "அது பொய்யா" என்ற கேள்விக்கும் "பொய் என்று அவருக்குத் தெரியுமா" என்ற கேள்விக்கும் இடையே வழக்கமாக இருக்கும் தூரம் இங்கே பெரும்பாலும் மறைந்துபோயிற்று. தன்வரலாறு எழுதுபவர்களும் அவற்றைத் தொகுத்துக் கொடுப்பவர்களும் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். "நான் பார்த்தேன்", "நான் செய்தேன்" என்ற சொற்கள் எழுத்துக்கு வலிமை தருவதைப் போலவே பொறுப்பையும் முழுமையாக எழுதுபவர் தலையில் வைக்கின்றன.

நடுவர் குழுவில் பத்துப் பேர் இருந்தார்கள். பல நாட்கள் விவாதித்தும் ஒருமித்த முடிவுக்கு வர இயலாதபோது, பெரும்பான்மை முடிவை ஏற்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எட்டுப் பேர் வென்ச்சுராவின் பக்கமும் இரண்டு பேர் எதிர்ப்பக்கமும் நின்றார்கள். அவதூறுக்கு இழப்பீடாக 5 லட்சம் டாலரும், நூலின் வருவாயிலிருந்து முறையற்று ஈட்டிய ஆதாயம் என்ற கணக்கில் ஏறத்தாழ 13 லட்சத்து 45 ஆயிரம் டாலரும் முடிவாயின. 18 லட்சம் என்று எல்லோரும் எழுதியது இந்த இரண்டின் கூட்டுத்தொகை. இதைக் கூட்டாமல் பிரித்தே எழுதுங்கள், ஏனென்றால் மேல்முறையீட்டில் இரண்டும் வெவ்வேறு காரணங்களால் விழுந்தன.

பெரிய தொகை சட்டத்தின் அடிப்படையிலேயே நிற்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: அவதூறுக்கு இழப்பீடு என்ற வழி இருக்கும்போது, நூலின் லாபத்தில் பங்கு கேட்க மினசோட்டாச் சட்டம் இடம் தரவில்லை. ஐந்து லட்சம் டாலர் தொகையோ வேறு காரணத்தால் நீக்கப்பட்டது. வென்ச்சுராவின் வழக்கறிஞர்கள், பதிப்பகமான ஹார்ப்பர்காலின்ஸின் ஊழியர்களைக் குறுக்கு விசாரணை செய்தபோதும் தங்கள் இறுதி வாதத்திலும், இழப்பீட்டைக் கொடுக்கப்போவது காப்பீட்டு நிறுவனம் என்ற எண்ணத்தை நடுவர்களிடம் ஏற்படுத்தினார்கள் என்றும், அது விசாரணையின் நேர்மையைக் கெடுத்தது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் கருதிப் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். விதவையின் கையிலிருந்து பணம் போகிறது என்ற இரக்கத்தால் தயங்கும் நடுவரை, "கொடுக்கப்போவது காப்பீடுதானே" என்ற சொல் எவ்வளவு எளிதாக நகர்த்திவிடும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த விதியின் நியாயம் விளங்கும். மூன்று நீதிபதிகளில் ஒருவர் இந்த இடத்தில் மாறுபட்டார்.

இப்போது கவனியுங்கள். சண்டை நடந்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லவில்லை. கைல் எழுதியது உண்மை என்றும் அது சொல்லவில்லை. "வென்ச்சுராவின் பொய் அம்பலம்" என்று 2016இல் எழுதியவர்கள், "கைலின் பொய் அம்பலம்" என்று 2014இல் எழுதியவர்கள் செய்த அதே பிழையைத் திருப்பிச் செய்தார்கள். புதிய விசாரணை நடக்கவே இல்லை. அதற்கு முன் சமரசம் வந்துவிட்டது. சமரசத்தையும் எந்தத் தரப்பின் ஒப்புதலாகவும் எழுதக் கூடாது. 2014 தீர்ப்புக்குப் பின் பதிப்பகம் அந்தப் பகுதியை நூலின் அடுத்த பதிப்புகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது என்பது உண்மை; அதையும் ஒரு பதிப்பகத்தின் முடிவாக மட்டுமே எழுதுங்கள்.

தமிழ்ச் சொற்களில் மறைந்திருக்கும் தீர்ப்புகள்

நான் திருத்திய வரைவுகளில் மிகுதியான தவறுகள் தகவலில் இருந்ததில்லை, வினைச்சொல்லில்தான் இருந்தன. "வென்ச்சுரா அதை ஒப்புக்கொள்ள மறுத்தார்" என்று எழுதினால், நடந்தது நடந்துவிட்டது, அவர்தான் ஏற்கவில்லை என்ற பொருள் வந்துவிடுகிறது. "வென்ச்சுரா அதை மறுத்தார்" என்பதே சரி. "கைல் வெளிப்படுத்தினார்", "போட்டுடைத்தார்", "உண்மையைச் சொன்னார்" ஆகியவை அவர் பக்கம் சாய்கின்றன. "கதை கட்டினார்", "அளந்தார்" ஆகியவை எதிர்ப்பக்கம் சாய்கின்றன. "எழுதினார்", "சொன்னார்" என்ற சாதாரணச் சொற்களுக்கு இந்தப் பாரம் இல்லை.

"என்று கூறப்படுகிறது" என்பதை நம் நாளிதழ்கள் பாதுகாப்பான சொல்லாக நினைக்கின்றன. அது யார் சொன்னது என்பதை மறைத்துவிடுவதால், கேட்பவருக்கு ஊரே சொல்வதைப் போன்ற தோற்றம் உண்டாகிறது. "அடித்ததாகக் கைல் தம் நூலில் எழுதினார்" என்னும்போது சொன்னவரும் சொன்ன இடமும் வாசகர் கண்முன் நிற்கின்றன. பேச்சுத் தமிழில் "அடிச்சாராம்" என்பதில் வரும் அந்த "ஆம்" நமக்குக் கிடைத்த அருமையான கருவி. நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்பதை ஒரே அசையில் அது சொல்லிவிடுகிறது. எழுத்துத் தமிழில் அது ஏளனமாக ஒலிப்பதால் கட்டுரைக்கு உதவாது. அதன் வேலையை "-ஆக" என்ற உருபோடு சொன்னவரின் பெயரும் சேர்ந்து செய்யட்டும்.

முதலில் சொன்ன இரண்டாவது தலைப்புக்கு வருகிறேன். "அபராதம்" என்பது குற்றத்துக்காக அரசுக்குக் கட்டுவது. இது உரிமையியல் வழக்கு, ஆகவே "இழப்பீடு". தீர்ப்பு வந்தபோது கைல் உயிரோடு இல்லை. பிரதிவாதி அவருடைய சொத்தின் நிர்வாகி. அந்தத் தொகையும் பின்னர் நீக்கப்பட்டது. குற்றவியல் வழக்கே நடக்காத இடத்தில் "குற்றவாளி", "குற்றம் நிரூபணம்" என்ற சொற்களுக்கும் வேலை இல்லை. "ஆளுநர்" என்ற சொல்லுக்கும் ஒரு விளக்கம் தேவைப்படும்: நம் வாசகர் அதைக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் பதவியாக எண்ணுவார், வென்ச்சுராவோ 1999 முதல் 2003 வரை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த, மாநில அரசின் தலைவர். கைலை "ராணுவ வீரர்" என்று எழுதுவதும் துல்லியமில்லை. சீல் பிரிவு கடற்படையைச் சேர்ந்தது.

பழமொழிகளை இந்த வகைக் கட்டுரையில் தள்ளியே வையுங்கள். "நெருப்பில்லாமல் புகையுமா" என்பதும் "இரண்டு கை தட்டினால்தான் ஓசை" என்பதும், எது நடந்தது என்ற கேள்விக்கு விசாரணையே இல்லாமல் விடை சொல்லிவிடுகின்றன.

இறந்தவரும் அவர் குடும்பமும்

"விதவை மீது வழக்குப் போட்டவர்" என்ற சொற்றொடர் வென்ச்சுராவைப் பற்றி எழுதப்பட்ட பலவற்றில் வருகிறது. அவர் வழக்குத் தொடுத்தபோது கைல் உயிரோடு இருந்தார், தம் தரப்பைத் தாமே சொன்னார். ஓராண்டுக்குப் பின்தான் கொல்லப்பட்டார். வழக்கைத் தொடர்ந்தது சரியா என்று வாசகர் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை எழுப்பும் முன் இந்த வரிசையைச் சொல்லிவிட வேண்டும். அதே அளவு கண்டிப்போடு, பதில் சொல்ல இனி வர முடியாத ஒருவரைப் பற்றி எழுதுகிறோம் என்ற உணர்வும் வேண்டும். அவருடைய மரணத்தை ஒரு திருப்பமாகவோ பரிகாரமாகவோ எழுதுவது கொடுமை. நினைவுகூர்தலுக்குக் காரணமான மான்சூரின் பெயரும் பெரும்பாலான கட்டுரைகளில் காணாமல் போகிறது. அன்றிரவு அங்கே கூடியவர்கள் யாருக்காகக் கூடினார்கள் என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லுங்கள். அது இல்லாமல் அந்தச் சொல் ஏன் அவ்வளவு காயப்படுத்தும் என்பது புரியாது.

இந்தியாவில் எழுதுபவருக்கு ஒரு குறிப்பு

இங்கே சட்டம் வேறு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306ஆம் பிரிவு, அவதூறு தொடர்பான வழக்குரிமையை, ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்து நிர்வாகிகளுக்குச் சார்பாகவோ எதிராகவோ தொடர்வனவற்றிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே கைலின் சொத்துக்கு எதிராக நடந்ததைப் போன்ற ஒரு வழக்கு இங்கே அதே வடிவில் தொடர்ந்திருப்பது கடினம். மறுபுறம், அமெரிக்காவில் பெரிதும் வழக்கொழிந்துபோன குற்றவியல் அவதூறு இங்கே பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாக உயிரோடு இருக்கிறது. இறந்தவரைப் பற்றி எழுதுவதும், அவர் உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடியதாகவும் குடும்பத்தினரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் கொண்டதாகவும் இருந்தால், அதில் அடங்கும். சல்லிவன் வழக்கின் சிந்தனை தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கின் வழியாகவே நம் சட்டத்துக்குள் வந்தது: ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழுக்கு உள்ள உரிமை பற்றி 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த ராஜகோபால் தீர்ப்பு அது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு அலுவலர்கள் தம் கடமையில் செய்தவற்றைப் பற்றியது. பதவி முடிந்த ஒருவர் ஓர் இரவில் மதுக்கூடத்தில் என்ன பேசினார் என்பதற்கு அது குடை பிடிக்கும் என்று நம்பி எழுத வேண்டாம்.

எழுதி முடித்தபின்

வரைவை ஒரு நாள் ஆறப்போட்டு, பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் அதைச் சொன்னவரின் பெயரை எழுதிப் பாருங்கள். பெயர் எழுத முடியாத வாக்கியம் உங்களுடைய தீர்ப்பு. அதை நீக்குங்கள் அல்லது உங்கள் கருத்து என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்தபின் சம்பவத்தின் சாரம் ஏறத்தாழ இப்படி வந்தால் உங்கள் கட்டுரை சரியான இடத்தில் நிற்கிறது:

"2006 அக்டோபரில், போரில் இறந்த சீல் வீரர் மைக்கேல் மான்சூரை நினைவுகூரக் கூடியிருந்தவர்களிடையே வென்ச்சுரா இழிவாகப் பேசியதாகவும், அதனால் தாம் அவரை அடித்ததாகவும் கிறிஸ் கைல் 2012இல் எழுதினார். அப்படிப் பேசவும் இல்லை, அடி வாங்கவும் இல்லை என்று வென்ச்சுரா மறுத்து வழக்குத் தொடுத்தார். 2014இல் நடுவர்களில் எட்டுப் பேர் வென்ச்சுராவை நம்பினார்கள், இரண்டு பேர் நம்பவில்லை. விசாரணை நடந்த முறையிலும் சட்டத்திலும் கண்ட குறைகளுக்காக 2016இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. மறுவிசாரணை நடக்கும் முன் 2017இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன."